செக்கெண்ணெயின் மணமும் ருசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாரவளைப் பக்கம் ஒரு சிறிய செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். எள்ளும் கச்சானும் (நிலக்கடலை) இந்தக் குளிரில் விளையாது. வவுனியா, அநுராதபுரம், மொனராகலைப் பக்கங்களிலிருந்து மூட்டையாக ஏறி வரும். வாங்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்தபடி கேட்பது மணத்தைப் பற்றித்தான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

செக்கெண்ணெய்க்கும் கடையில விக்கிற தெளிவான எண்ணெய்க்கும் ருசியில அப்படி என்ன வித்தியாசம்?

கடையில் கிடைக்கிற சுத்திகரித்த எண்ணெய்க்கு ருசி இருக்கக் கூடாது என்பதுதான் அதைத் தயாரிப்பவர்களின் நோக்கம். எரிசோடா போன்ற காரப்பொருள் சேர்த்துப் புளிப்பை நீக்கி, களிமண்ணில் நிறத்தை எடுத்து, கடைசியில் வெற்றிடத்தில் 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீராவி பாய்ச்சி மணத்தையும் துரத்திவிடுகிறார்கள். எள்ளா சூரியகாந்தியா என்று நாக்கால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

செக்கெண்ணெய்க்கு இது எதுவும் கிடையாது. உலக அளவில் உணவுத் தரம் வகுக்கிற கோடெக்ஸ் அமைப்பின் விதிப்படி, குளிர்முறையில் பிழிந்த எண்ணெய் என்றால் வெளியிலிருந்து சூடு கொடுக்காமல் இயந்திர அழுத்தத்தால் மட்டும் எடுத்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீரில் கழுவலாம், தெளிய வைக்கலாம், வடிகட்டலாம், சுழற்றிப் பிரிக்கலாம். அவ்வளவுதான். அதனால் விதையின் நல்லது கெட்டது எல்லாம் அப்படியே போத்தலுக்குள் வந்துவிடும். மட்டமான விதையைச் சுத்திகரிப்பு மறைத்துவிடும், செக்கு மறைக்காது.

அக்கா, போத்தலைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒண்ணுமே மணக்கல. கலப்படமா?

பெரும்பாலும் கலப்படம் இல்லை, குளிர்தான் காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். மணம் மூக்குக்கு வர வேண்டுமானால் மணப்பொருட்கள் எண்ணெயிலிருந்து ஆவியாகி மேலே எழ வேண்டும். குளிர்ந்த எண்ணெயிலிருந்து அவை அதிகம் எழுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க மணக்கிற அதே நல்லெண்ணெய், தலவாக்கலையில் காலை ஏழு மணிக்கு ஊமையாக இருக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. குளிர் நல்ல மணத்தை மட்டும் மறைப்பதில்லை, கெட்ட வாடையையும் மறைக்கும். குளிர்காலத்தில் கடையில் மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கிய எண்ணெய், சட்டியில் சூடானதும் நாறுவது இதனால்தான். மலைநாட்டில் எண்ணெயைச் சூடாக்காமல் நல்லது என்றும் சொல்லக் கூடாது, கெட்டது என்றும் சொல்லக் கூடாது.

அப்ப வீட்டில எப்படித்தான் ருசி பார்க்கிறது?

ஒலிவ் எண்ணெயை அதிகாரபூர்வமாக ருசி பார்க்கிறவர்கள் அதை 28 பாகைக்குச் சூடாக்கி, நிறம் தெரியாத நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டியளவு ஊற்றி, மூடி வைத்துப் பார்ப்பார்கள். நம் வீட்டுக்குச் சின்ன எவர்சில்வர் கிண்ணம் போதும். எண்ணெயை ஊற்றி, ஒரு தட்டால் மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். கொதிநீர் வேண்டாம். மூடியைத் திறந்தவுடன் மூக்கைக் கொண்டுபோங்கள், முதல் மூச்சில் வருவதுதான் முக்கியம். இரண்டு மூன்று முறை மோந்த பிறகு மூக்கு பழகிவிடும்.

அப்புறம் அரைத் தேக்கரண்டி வாயில் விட்டு, தேயிலை ஃபெக்டரியில் ருசி பார்க்கிறவர்கள் செய்வது போலவே சத்தமாகக் காற்றோடு உறிஞ்சுங்கள். உறிஞ்சும்போது எண்ணெய் சின்னத் துளிகளாகி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். விழுங்கவோ துப்பவோ செய்த பிறகு அரை நிமிடம் பொறுங்கள், கசப்பும் காறலும் பின்னால்தான் வரும்.

ஒரு தடவைக்கு நாலு எண்ணெய்க்கு மேல் வேண்டாம். இடையில் வெந்நீரும் ஒரு துண்டு அப்பிளும் போதும். வெறும் எண்ணெய் குமட்டினால் உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கில் விட்டுச் சாப்பிடலாம். வெலிமடைக் கிழங்கு இதற்கு நல்லது. சம்பல், கொச்சிக்காய் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து ருசி பார்க்கவே பார்க்காதீர்கள்.

"நல்லா இருக்கு", "சுத்தமா இருக்கு", இதைத் தவிர வேற என்னத்தைச் சொல்றது?

கடையில் எனக்கு ஒன்றுக்கும் உதவாத இரண்டு பதில்கள் இவை. "சுத்தமா இருக்கு" என்கிறவர் மணத்தைச் சொல்கிறாரா, நிறத்தைச் சொல்கிறாரா, விலையைச் சொல்கிறாரா, தெரியாது. மூக்கு, நாக்கு, தொண்டை, இந்த மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

மூக்குக்கு: பச்சை எள், வறுத்த எள், எள்ளுருண்டை, பச்சைக் கச்சான், அவித்த கச்சான், அரிந்த புல், வைக்கோல், ஈரச் சாக்கு, புகை, பழைய பலகாரம். இவை எல்லாம் நாம் நிஜமாகவே மோந்து பார்த்த பொருட்கள், அதனால் இரண்டு பேர் சொன்னால் மூன்றாமவருக்குப் புரியும். நாக்குக்கு: இனிப்புச் சாயல், கசப்பு, துவர்ப்பு. அதோடு எண்ணெயின் உடம்பு, அதாவது தண்ணீர் போல ஓடுகிறதா, வழவழவென்று படிகிறதா, பல்லில் பிசுபிசுக்கிறதா. தொண்டைக்கு: ஒன்றுமில்லாமல் இறங்குகிறதா, காறுகிறதா, கமறுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது.

இதை ஒரு முறையாகவே செய்கிற நாடுகள் உண்டு. ஜேர்மனியில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெயைக் குளிர்முறையில் பிழிந்து விற்கிறார்கள். அதைச் சோதிக்கிற குழு விதை மணம், கொட்டை மணம் இரண்டையும் நல்ல பக்கத்தில் வைக்கும். சிக்கு, மக்கல், வைக்கோல் அல்லது மர வாடை, தீய்ந்த வாடை, கசப்பு ஆகியவை குறைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். நம் நல்லெண்ணெய்க்கும் இந்தப் பட்டியல் முக்கால்வாசி பொருந்தும்.

நல்லெண்ணெய் எப்படி மணக்கணும்? சைனீஸ் சாப்பாட்டில போடுற எள்ளெண்ணெய் வேற மாதிரி தூக்கலா மணக்குதே?

அது வறுத்த எள், நம்முடையது வெயிலில் காய்ந்த பச்சை எள். கிழக்காசிய நாடுகளில் எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிகிறார்கள். வறுக்கும்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பைரசின் என்கிற மணப்பொருட்கள் உண்டாகின்றன. வறுத்த கோப்பி, வறுத்த கச்சான், பாணின் மேல்தோல் எல்லாவற்றிலும் அவற்றின் மணம் உண்டு. அந்த எண்ணெயைச் சமையல் முடிந்த பிறகு சொட்டாகத்தான் விடுவார்கள்.

நம் நல்லெண்ணெயில் அந்தத் தூக்கலை எதிர்பார்க்க வேண்டாம். மிதமாகச் சூடாக்கினால் முதலில் ஊறவைத்த எள்ளின் பச்சை மணம், பின்னால் மெல்லிய கொட்டை மணம், நாக்கில் ஒரு இனிப்புச் சாயல், விழுங்கியதும் தொண்டையில் சிறு கசப்பு. உடம்பு கொஞ்சம் கனமாக இருக்கும். பொடியோடு குழைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும்போது பொடியின் உறைப்பை இந்த எண்ணெய் மட்டுப்படுத்துகிறதே, அதுதான் அதன் வேலை. "செக்கு" என்று எழுதிய போத்தலில் வறுத்த மணம் பலமாக வந்தால், எள்ளை வறுத்தீர்களா என்று கேளுங்கள். வறுத்ததில் தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

கச்சான் எண்ணெயில வறுத்த கச்சான் வாசமே வரலையே?

மேலே எள்ளுக்குச் சொன்ன அதே கதை. வறுக்காத கச்சானில் வறுத்த வாசம் வராது. பச்சைக் கச்சானை மென்றால் வருகிற அவரை, போஞ்சிச் சாயல்தான் முதலில் வரும், பிறகு லேசான இனிப்பு. நல்லெண்ணெயைவிட மென்மையாக இருப்பதால் கோவா, லீக்ஸ், கரட் போன்றவற்றைத் தாளிக்கும்போது மரக்கறியின் ருசியை அமுக்காது. என் சொந்தச் சமையலுக்கு நான் எடுப்பது இதைத்தான்.

கடுகெண்ணெய் மூக்கில ஏறி கண்ணு கலங்குது. பழுதாப் போச்சா?

ஏறவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். கடுகுக்குள் சினிக்ரின் என்ற பொருளும் அதைப் பிளக்கிற ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விதை நசுங்கி, தண்ணீரும் சேர்ந்தால் இரண்டும் கலந்து அந்த நெடி பிறக்கும். காய்ந்த கடுகுத்தூள் சும்மா இருப்பதும், அச்சாறுக்குக் கடுகை வினாகிரி விட்டு அரைக்கும்போது மூக்கைப் பிடிப்பதும் இதனால்தான். செக்கில் ஆட்டும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நெடி கூடும்.

மிளகாயின் உறைப்பு நாக்கில் தங்கும், கடுகின் நெடி ஆவியாகி மூக்குக்குப் போகும். சூடாக்கினால் பறந்துவிடும். அதனால் கடுகெண்ணெயை விவரிக்கும்போது பச்சையாகப் பார்த்தீர்களா, காய்ச்சிப் பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு எண்ணெய் போலவே இருக்கும்.

கருப்பட்டி போட்டு ஆட்டினா எண்ணெய் இனிக்கும்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. உண்மையா?

செக்கில் எள்ளோடு கருப்பட்டி போடுவது பழைய வழக்கம். அது எள்ளு மாவைப் பிடித்துக் கட்டியாக்கி எண்ணெய் பிரிந்து வர உதவும். ஆனால் சர்க்கரை எண்ணெயில் கரையாது. தெளிந்த எண்ணெயில் கருப்பட்டியின் இனிப்பு இருக்க வழியில்லை. கருப்பட்டியின் ஈரத்தோடு வந்த மண்டி கீழே கிடந்தால், அதில் இருக்கும்.

ஆச்சி சொன்ன இனிப்பு நல்ல எள்ளுக்கே உரியது. கசப்பும் சிக்கும் இல்லாத புது எண்ணெய் நாக்கில் இனிப்பாகத் தெரியும். நிஜமாகவே சீனி போட்டது போல இனித்தால் அது தெளியாத எண்ணெய், சீக்கிரம் பழுதாகும்.

வாங்கின எண்ணெய் கசக்குது. தூக்கி ஊத்திடவா?

எந்த எண்ணெய், எப்போது கசக்கிறது என்று பாருங்கள். தோல் நீக்காத எள்ளில், அதுவும் கறுத்த எள்ளில், கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு வரும். அது இயல்பு. நாக்கில் பட்டவுடன் கசந்து, தீய்ந்த மணமும் சேர்ந்தால் எள் கருகியிருக்கிறது. கசப்போடு தொண்டை காறினால் பழசு.

ஆளி விதை எண்ணெயின் கசப்பு வேறு வகை. புதிதாகப் பிழிந்தபோது கொட்டை மணத்தோடு மென்மையாக இருக்கும். அதில் உள்ள வளைய வடிவப் புரதத் துண்டு ஒன்று காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்ததும் கடும் கசப்பாகிவிடும். ஆட்டி அதிக நாள் ஆகாத எண்ணெய்கூடக் கசக்கும். அதைச் சிறிய போத்தலில் வாங்கி, பிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் முடிப்பதுதான் வழி.

சிக்கு வாடை, மக்கல் வாடை ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, யார்மேல் பிழை என்பதே மாறிவிடும். சிக்கு என்பது எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவது. எண்ணெயிலுள்ள லினோலெயிக் என்ற கொழுப்பமிலம் உடைந்து ஹெக்சனல் போன்ற மணப்பொருட்கள் வரும். தொடக்கத்தில் அரிந்த புல் போல இருக்கும். போகப் போகப் பழைய பலகாரத் தகரத்தைத் திறந்த வாடை. ஆளி விதை போன்ற, லினோலெனிக் என்ற வேறொரு கொழுப்பமிலம் மிகுந்த எண்ணெயில் அது மீன் வாடையாகவும் பெயின்ட் வாடையாகவும் போகும். இதற்குப் பொறுப்பு பெரும்பாலும் வெளிச்சம், சூடு, திறந்த மூடி.

மக்கல் என்பது விதையிலேயே வந்த குறை. ஈரம் காயாமல் கட்டிய மூட்டை, மழையில் நனைந்த லொறி, மூடுபனி இறங்கும் களஞ்சியம். ஈரச் சாக்கு, பூஞ்சணம் பிடித்த தரை, இந்த வாடைகள் ஆட்டிய முதல் நாளே இருக்கும். எண்ணெய் எவ்வளவு புதிதானாலும் போகாது. மலைநாட்டுச் செக்குக்காரர்களுக்குப் பெரிய எதிரி இதுதான், ஏனென்றால் இங்கே மாதக்கணக்கில் எதுவும் சரியாகக் காய்வதில்லை. மூட்டையைப் பலகைமேல் அடுக்கி, சுவரில் படாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

தேங்காய் எண்ணெயில் மூன்றாவதாக ஒன்று உண்டு: சவர்க்கார ருசி. ஈரத்தால் கொழுப்பு பிரிந்து லோரிக் அமிலம் தனியே வந்தால் அப்படி இருக்கும்.

காலையில பார்த்தா எண்ணெய் உறைஞ்சு கிடக்கு. மெழுகு கலந்திருக்காங்களா?

தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே போனால் உறையும். நுவரெலியாவில் அது உறையாவிட்டால்தான் அதிசயம். கச்சான் எண்ணெய் பிரிட்ஜில் கலங்கும், வெளியே வைத்தால் தெளியும். நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையாது. "சுத்தமான நல்லெண்ணெய்" காலையில் கட்டியானால் உள்ளே வேறு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதுதான்.

அடுப்புக்குப் பக்கத்திலயே போத்தல் வச்சிருந்தேன். இப்ப புகை வாடை அடிக்குது. எண்ணெய்க் குத்தமா?

தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது எல்லாருக்கும் தெரியும். எண்ணெயும் அப்படித்தான். தோட்டத்து லயன் காம்பராவில் விறகடுப்பும் கருவாடும் எண்ணெய்ப் போத்தலும் ஒரே தட்டில் இருந்தால் மூன்றின் மணமும் ஒன்றாகிவிடும். போதாததற்கு அடுப்புச் சூட்டில் சிக்கும் சீக்கிரம் பிடிக்கும்.

அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டில், நிரம்பிய போத்தலில் வையுங்கள். பாதி தீர்ந்தால் சிறிய போத்தலுக்கு மாற்றுங்கள். பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரம் வேண்டாம், அந்த உலோகங்கள் கெடுவதை விரைவாக்கும். நல்லெண்ணெய் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிப்பது, எள்ளிலேயே இருக்கிற செசமோலின், அதிலிருந்து வருகிற செசமோல் போன்ற பொருட்கள் காற்றைத் தடுப்பதால். மற்றபடி மலைக்குளிர் எண்ணெயைப் பாதுகாக்கத்தான் செய்கிறது. மணம் வரவில்லை என்று திட்டுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

லேப் ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னு இருக்கு. ஆனா சிக்கு வாடை அடிக்குது. எதை நம்புறது?

ரிப்போர்ட்டில் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். வழக்கமாக இருப்பது பெரொக்சைட் அளவு, அதாவது எண்ணெய் காற்றோடு சேரும்போது முதலில் உண்டாகிற பொருளின் அளவு. குளிர்முறை எண்ணெயில் அது கிலோவுக்கு 15 மில்லிஈகுவலன்ட் (அதை அளக்கிற அலகு) வரை இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ். ஆனால் பெரொக்சைட்டுக்கு மணமில்லை. அது உடைந்து வருகிற பொருட்கள்தான் நாறும். எண்ணெய் கெடக் கெட அந்த அளவு ஏறி, பிறகு பெரொக்சைட் உடைவதால் இறங்கும். நன்றாகப் பழசான எண்ணெயிலும் அது குறைவாகக் காட்டலாம்.

இந்த விஷயத்தில் மூக்கை நம்புங்கள். ஒரு மூக்கு போதாது, மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மேலே சொன்ன முறையில் பார்த்து எழுதட்டும். இரண்டு பேர் சிக்கு என்றால் சிக்குதான்.

அப்ப மணமும் ருசியும் நல்லா இருந்தா பயமில்லாம சாப்பிடலாம்தானே?

இங்கே மூக்கு உதவாது. கச்சானில் பூஞ்சணம் விடுகிற அஃப்லாடொக்சின் நச்சுக்கு மணமோ ருசியோ கிடையாது. சுத்திகரிப்பில் பெருமளவு போய்விடுகிற அது, செக்கெண்ணெயில் தங்கும். 2021இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அது இருப்பதாகப் பெரிய பேச்சு எழுந்ததே, அதைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் பலர் இறந்தார்கள். கடுகின் நெடியே அதை மறைத்திருக்கும்.

எண்ணெயைவிட விதையைப் பார்ப்பது சுலபம். சுருங்கின, நிறம் மாறின, பூஞ்சணம் பட்ட கச்சானைப் பொறுக்கி எறிகிற செக்கில் வாங்குங்கள். பொறுக்கினீர்களா என்று கேட்டால் யாரும் கோபிக்கக் கூடாது.

தேயிலைக் கொட்டையில எண்ணெய் எடுக்கலாம்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்?

எடுக்கலாம். தென்சீனாவில் சமைப்பதற்குப் பயன்படுத்துகிற தேயிலை எண்ணெய், நம் தேயிலையின் உறவுக்கார மரமான கமேலியா ஒலெய்ஃபெராவின் விதையிலிருந்து வருகிறது. ஒலிவ் எண்ணெய் போல ஒலெயிக் அமிலம் மிகுந்தது, மென்மையான ருசி. நம் தேயிலையின் கொட்டையிலும் எண்ணெய் உண்டு, அளவு குறைவு. கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டிக்கொண்டே இருக்கிற செடி காய்ப்பது அபூர்வம் என்பதால், வெட்டாமல் விட்ட பழைய மரங்களைத் தேட வேண்டும். தேத்தண்ணி மணத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள், அது இலையைப் பதப்படுத்தும்போது வருவது.

கொட்டையில் சபோனின் என்ற நுரைக்கிற கசப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அது எண்ணெயில் அதிகம் இறங்காமல் புண்ணாக்கில் தங்கும். எண்ணெய் கசந்து, குலுக்கும்போது நுரைத்தால், சரியாகத் தெளியவில்லை. அந்தப் புண்ணாக்கை எள்ளுப் புண்ணாக்கு என்று நினைத்து மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். ஓடையிலும் கொட்டாதீர்கள், சீனாவில் குளத்து மீனைக் கொல்ல அதைத்தான் போடுவார்கள்.